எத்தனை அடி ஆழம்?

"எத்தனை அடி வரைக்கும் காட்டும்?"

மெட்டல் டிடெக்டர் என்று வாயெடுத்தால் போதும், அடுத்த கேள்வி இதுதான். என்ன விலை, எதைத் தேடப்போகிறோம், எந்த மண்ணில் தேடப்போகிறோம், அதெல்லாம் அப்புறம். முதலில் ஆழம். விற்கிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும், அதனால் ஆழத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். இந்தக் கருவியின் வரலாற்றைக் கொஞ்ச காலமாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நூற்று நாற்பது வருஷத்துக்கும் மேலான கதை. இந்த ஒரே கேள்விக்கு மனிதர்கள் சொல்லிவந்த பதில்களை அடுக்கினாலே அந்தக் கதை பெரும்பாலும் வந்துவிடும். சில பதில்கள் நேர்மையானவை. சில பதில்களை நம்பி ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

கதை ஒரு ஜனாதிபதியின் முதுகில் தொடங்குகிறது. 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்ல்ஸ் கிட்டோ என்பவன் அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டைச் சுட்டான். ஒரு தோட்டா கையை உரசிக்கொண்டு போனது. இன்னொன்று முதுகில் நுழைந்து உள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்ரே வர இன்னும் பதினான்கு வருஷம் இருந்தது. டாக்டர்கள் கழுவாத விரல்களையும் கம்பிகளையும் காயத்துக்குள் விட்டுத் துழாவினார்கள். அப்போது உதவிக்கு வந்தவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். ஆமாம், டெலிபோன் பெல் தான்.

அவர் கொண்டுவந்த கருவியின் தத்துவம் எளிமையானது. இரண்டு கம்பிச் சுருள்களை ஒன்றையொன்று சமன்செய்யும்படி வைத்தால், இணைத்திருக்கும் டெலிபோன் ரிசீவரில் சத்தம் இருக்காது. பக்கத்தில் ஏதாவது உலோகம் வந்தால் சமநிலை குலையும், ரிசீவர் முனகும். உள்நாட்டுப் போரில் வாங்கிய குண்டுகளை இன்னும் உடம்பில் சுமந்துகொண்டிருந்த முன்னாள் சிப்பாய்களிடம் பெல் இதைச் சோதித்துப் பார்த்தார். வேலை செய்தது. ஜூலை 26 அன்று வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியின் உடம்பின் மேல் வைத்தபோது ஓயாமல் இரைச்சல். இணைப்பு ஒன்று தப்பாகக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆகஸ்ட் 1 அன்று திரும்ப வந்தார். இந்த முறை பரந்த இடம் முழுக்க மெல்லிய சத்தம், ஒரு புள்ளியில் குவியவே இல்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. கார்ஃபீல்ட் படுத்திருந்த மெத்தைக்குள் எஃகு ஸ்பிரிங்குகள் இருந்தன. அதைவிட மோசமான விஷயம், தலைமை டாக்டர் பிளிஸ் தோட்டா வலது பக்கம்தான் இருக்கிறது என்று ஏற்கெனவே அறிவித்திருந்தார். அதனால் வலது பக்கம் மட்டுமே தேட அனுமதித்தார். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் தோட்டா இடது பக்கம் கிடந்தது.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, இந்தக் கருவிக்கு இன்றுவரை இருக்கிற தொல்லைகள் எல்லாமே அந்தப் படுக்கையறையிலேயே வந்துவிட்டன என்றுதான். சுற்றியிருக்கும் வேறு உலோகம், உள்ளே புதைந்திருக்கும் ஆழம், எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிட்ட ஒரு ஆள். மூன்றாவதை எந்தக் கம்பெனியும் இன்னும் சரிசெய்யவில்லை.

அடுத்த ஐம்பது வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த கெர்ஹார்ட் ஃபிஷர் விமானங்களுக்கான ரேடியோ திசைகாட்டிகளைச் செய்துகொண்டிருந்தார். உலோகக் கட்டடங்களும் தாதுப் பாறைகளும் இருக்கும் இடங்களில் திசைகாட்டி தப்பாகக் காட்டியது. தொல்லையாக வந்ததையே தொழிலாக மாற்றி, 1931-இல் பாலோ ஆல்டோவில் ஒரு கேரேஜில் கம்பெனி தொடங்கினார். 'மெட்டலாஸ்கோப்' என்ற அவருடைய கருவிக்கு 1937-இல் காப்புரிமை கிடைத்தது. பிறகு போர் வந்தது. ஸ்காட்லாந்தில் அகதியாக இருந்த போலந்து ராணுவத்தின் லெப்டினன்ட் யோசெஃப் கொசாட்ஸ்கி, 1941-42 குளிர்காலத்தில் கையில் தூக்கிச் செல்லக்கூடிய கண்ணிவெடி டிடெக்டரை உருவாக்கினார். காப்புரிமை வாங்கவில்லை, பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அப்படியே கொடுத்துவிட்டார். ஏறத்தாழ 14 கிலோ கனம். எல் அலமெய்ன் போரில் 500 கருவிகள் போயின. மணிக்கு 100 மீட்டர் என்றிருந்த கண்ணிவெடி அகற்றும் வேகம் 200 மீட்டர் ஆனது. போலந்தில் இருந்த குடும்பத்துக்கு ஆபத்து என்பதால் அவர் பெயர் வெளியே சொல்லப்படவில்லை. போருக்குப் பின் முகமாலையில் மண்ணை விரல் விரலாகத் துழாவிய பெண்களின் கையில் இருந்ததும் இந்த வம்சத்துக் கருவிதான்.

போர் முடிந்ததும் ராணுவம் வேண்டாமென்று தள்ளிய டிடெக்டர்கள் சந்தைக்கு மலிவாக வந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு ஒன்று அதிலிருந்து பிறந்தது. கடற்கரையில் மோதிரம் தேடுவது, பழைய வீட்டுத் தோட்டத்தில் நாணயம் தேடுவது. 1964-இல் சார்ல்ஸ் காரெட் டெக்சாஸில் தன் கம்பெனியைத் தொடங்கியபோது வாடிக்கையாளர்கள் தயாராகக் காத்திருந்தார்கள், அதே கேள்வியோடு.

இங்கே கொஞ்சம் பௌதிகம் பேசியாக வேண்டும். பயப்பட வேண்டாம், ஒரே ஒரு கணக்குதான்.

சுருள் அனுப்பும் காந்தப்புலம் தூரம் கூடக்கூட அதன் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. அந்தப் புலம் மண்ணுக்குள் இருக்கும் நாணயத்தில் ஒரு சிறு சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புகிறது. அது மேலே வரும்போதும் அதே மும்மடிக் குறைவு. போகும்போது மூன்று, வரும்போது மூன்று, ஆக ஆறு. சுருளின் அளவைவிட ஆழம் கூடிவிட்டால், ஆழம் இரண்டு மடங்கானதும் சிக்னல் 64-இல் ஒரு பங்காகிவிடும். மூன்று மடங்கானால் 729-இல் ஒரு பங்கு. திருப்பிச் சொன்னால், கருவியின் சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் ஆழம் கூடுவது 12 சதவீதம்தான். 20 செ.மீ. காட்டிய கருவி 22 செ.மீ. காட்டும், அவ்வளவுதான்.

பொறியியல் படித்தபோது இதை நானே கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆஸிலேட்டர் வைத்து, அவற்றின் அதிர்வெண் வித்தியாசம் காதில் கேட்கும்படி ஒரு டிடெக்டர் செய்தோம். ஆரம்பகால ஹாபி கருவிகள் இந்த முறைதான். பிளாஸ்டிக் தொட்டியில் ஆற்றுமணல் நிரப்பி ஐந்து ரூபாய் நாணயத்தைப் புதைத்துப் பார்த்ததில், நாலு அங்குலத்துக்குக் கீழே போனால் மௌனம். ஹாஸ்டல் முழுக்க வந்து எட்டிப்பார்த்துவிட்டு ஒரே கேள்வி: "மச்சி, எத்தன அடி போகும்?" நாலு அங்குலம் என்றதும் கூட்டம் கலைந்துவிட்டது.

இன்று கடையில் வாங்கும் சாதாரண ஹாபி கருவி, நல்ல மண்ணில் ஒரு நாணயத்தை 20 - 25 செ.மீ. ஆழம்வரை காட்டும். பல மடங்கு விலையுள்ள கருவி 30 செ.மீ.யைத் தாண்டலாம். பெட்டியோ அண்டாவோ புதைந்திருந்தால் இன்னும் ஆழத்தில் தெரியும், ஏனென்றால் பொருள் பெரிது. பெரிய சுருள் போட்டால் ஆழம் கூடும், ஆனால் சின்னப் பொருள்கள் தப்பிவிடும். திரையில் "இத்தனை செ.மீ." என்று காட்டும் எண் நாணயம் அளவுள்ள பொருளை மனதில் வைத்துச் செய்த கணக்கு. கீழே இருப்பது மண்வெட்டி என்றால் அந்த எண் பொய்.

அப்படியானால் விலை எதற்குக் கூடுகிறது? இங்கேதான் ஆழத்தைவிட நம்பகம் முக்கியமாகிறது. கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் பலர் நாணயத்தைக் காற்றில் ஆட்டிக் காட்டி, இதோ 35 செ.மீ. என்பார்கள். காற்றில் மண் இல்லை. மண்ணில் இரும்புத் தாது இருக்கிறது, உப்பு இருக்கிறது, ஈரம் இருக்கிறது, ஆணி இருக்கிறது. நாணயத்துக்குப் பக்கத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி கிடந்தால் போதும், ஐந்து செ.மீ. ஆழத்தில் இருக்கும் நாணயமே மறைந்துவிடும். சென்சிட்டிவிட்டியை முழுக்கத் திருப்பிவிட்டால் ஆழம் கூடும் என்று நினைப்பார்கள், கூடுவது உளறல்தான். உயரழுத்த மின்கம்பி பக்கத்தில் போனால் இல்லாத பொருளுக்கெல்லாம் கத்தும். அதனால் பழகிய ஆட்கள் தோட்டத்தில் தெரிந்த ஆழங்களில் நாணயங்களைப் புதைத்துவைத்து, மாதக்கணக்கில் விட்டு, அந்த மண்ணின் மேல்தான் புதுக் கருவியைச் சோதிக்கிறார்கள். அவர்கள் கேட்பது இதைத்தான்: ஒரே இடத்தில் பத்து முறை போனால் பத்து முறையும் ஒரே சத்தம் வருகிறதா?

மண் எவ்வளவு பெரிய எதிரி என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. அங்கே தங்க வயல்களின் செம்மண்ணில் இரும்பு நிறைந்திருப்பதால் அமெரிக்கக் கருவிகள் தடுமாறின, தங்கத்தைவிடத் தரைக்கே அதிகம் கத்தின. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1985-இல் தொடங்கிய மைன்லேப் கம்பெனியும் அதன் பௌதிக அறிஞர் புரூஸ் கேண்டியும் அந்த மண்ணின் குரலைக் கழித்துவிட்டுக் கேட்கும் வழிகளைக் கண்டுபிடித்தார்கள். துடிப்பு அனுப்பி, அணைத்துவிட்டு, எதிரொலியைக் கேட்கும் அவர்களுடைய எஸ்டி 2000 தொண்ணூறுகளின் நடுவில் வந்தபோது, தேடி முடித்துவிட்டதாக எண்ணிய வயல்களில் மறுபடி தங்கக் கட்டிகள் கிடைத்தன. ஆனால் அந்தத் துடிப்புக் கருவிகள் எது இரும்பு எது தங்கம் என்று பிரித்துச் சொல்வதில் பலவீனமானவை. ஆழம் வேண்டுமானால் ஆணிகளையும் தோண்டு என்கிற ஒப்பந்தம் அது. 2018-இல் வந்த அதே கம்பெனியின் ஈக்வினாக்ஸ், பல அலைவரிசைகளை ஒன்றாகப் பயன்படுத்தியது. அதில் பெரிதாக மாறியது ஆழம் அல்ல. ஈரமான உப்புக் கடற்கரையிலும் உளறாமல் இருப்பதுதான்.

இனி பொய்களுக்கு வருவோம். ஆறாம் மடிக் கணக்கு தெரியாதவர்களுக்காக ஒரு தனிச் சந்தையே இருக்கிறது. தொண்ணூறுகளில் அமெரிக்காவில் 'குவாட்ரோ டிராக்கர்' என்று ஒரு கருவி பள்ளிகளுக்கும் போலீசுக்கும் விற்கப்பட்டது. பிளாஸ்டிக் கைப்பிடி, அதில் ஆடும் ஒரு ஆன்டெனா. எஃப்.பி.ஐ. திறந்து பார்த்தபோது உள்ளே வேலை செய்கிற எதுவும் இல்லை. 1996-இல் நீதிமன்றம் விற்பனையைத் தடைசெய்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ்காரர், தொலைந்த கோல்ஃப் பந்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட 20 டாலர்கூடப் பெறாத ஒரு விளையாட்டுப் பொருளை அடிப்படையாக வைத்து ஏடிஇ 651 என்ற 'வெடிகுண்டு டிடெக்டர்' செய்தார். ஒரு கிலோமீட்டர் தூரத்திலும், தரைக்கடியிலும், சுவருக்குப் பின்னாலும் காட்டுமாம். பேட்டரிகூடக் கிடையாது. ஈராக் அரசு பல கோடி டாலர் கொடுத்து வாங்கி, பாக்தாத்தின் சோதனைச் சாவடிகளில் நிறுத்தியது. 2009 அக்டோபர் 25 அன்று குண்டு வண்டிகள் அந்தச் சாவடிகளைத் தாண்டிப் போய் வெடித்ததில் 150 பேருக்கு மேல் இறந்தார்கள். 2013-இல் மெக்கார்மிக்குக்குப் பத்து வருஷம் சிறைத் தண்டனை கிடைத்தது.

நம் ஊர் இரிடியம் கலச மோசடிகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஆடும் ஆன்டெனாதான் ஞாபகம் வரும். "50 அடி ஆழத்தில் தங்கம் காட்டும்" என்று கையில் ஒரு குச்சியோடு யாராவது வந்தால், நான் சொன்ன கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சரி, நேர்மையான கருவி 25 செ.மீ. என்கிறது. இது குறையா? கருவி வாங்குகிறவருக்குக் குறைதான். வரலாற்றின் பக்கமிருந்து பார்த்தால் இதைவிட நல்ல செய்தி கிடையாது என்பது என் கட்சி.

இங்கிலாந்தைப் பாருங்கள். உழவு நிலத்தின் மேல் அடுக்கு, ஏறக்குறைய 20 - 30 செ.மீ., நூற்றாண்டுகளாகக் கலப்பையால் புரட்டப்பட்டது. அதில் கிடக்கும் பொருள் ஏற்கெனவே தன் இடத்தை இழந்துவிட்டது. உழவு தொடாத அடுக்கு அதற்குக் கீழே இருக்கிறது. அங்கேதான் எது எதன் மேல் கிடந்தது, எந்தச் சாம்பலோடு கிடந்தது என்ற சாட்சியமெல்லாம் இருக்கிறது. அங்கே நடத்தை விதி சொல்வதும் அதுதான்: உழவு மண்ணோடு நிறுத்திக்கொள், கீழே போகாதே. இயற்பியல் போட்ட எல்லையும் தொல்லியல் கேட்கும் எல்லையும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

2009 ஜூலையில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் டெர்ரி ஹெர்பர்ட் என்பவர் ஒரு வயலில் ஆங்கிலோ-சாக்சன் தங்கப் புதையலைக் கண்டார். அந்தக் காலத்துத் தங்கப் பொருள்களில் அதுவரை கிடைத்தவற்றிலேயே மிகப் பெரிய குவியல். மதிப்பு 32,85,000 பவுண்டு. அவர் கையில் இருந்த டிடெக்டர் பழைய சாமான் சந்தையில் இரண்டரை பவுண்டுக்கு வாங்கியது. கலப்பை மேலே கொண்டுவந்த பொருளுக்கு ஆழக் கருவி எதற்கு?

இதன் மறுபக்கமும் உண்டு. எண்பதுகளில் சர்ரேயில் வான்பரோ என்ற இடத்தில் ரோமானியர் காலக் கோயில் ஒன்றைப் பற்றிய தகவல் வெளியே கசிந்ததும், இரவோடு இரவாக டிடெக்டர்களோடு கூட்டம் இறங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான நாணயங்கள் சந்தைக்குப் போய்விட்டன. பழைய புதையல் சட்டம் எவ்வளவு ஓட்டை என்பது அம்பலமானது. 1980-லேயே தொல்லியலாளர்கள் இந்தப் பொழுதுபோக்குக்கு எதிராக இயக்கம் நடத்தியிருந்தார்கள். இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் திருடன், திமிர்பிடித்தவன் என்று ஏசிக்கொண்டிருந்தார்கள். 1996-இல் புதிய சட்டமும், அடுத்த வருஷம் கண்டுபிடிப்புகளைத் தானாக முன்வந்து பதிவுசெய்யும் திட்டமும் வந்த பிறகுதான் பேச்சுவார்த்தை தொடங்கியது. இதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன.

சமாதானம் சாத்தியம் என்பதை அதற்கு முன்பே ஒரு போர்க்களம் காட்டியிருந்தது. அமெரிக்காவின் மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன். 1876 ஜூனில் கஸ்டரும் அவர் நேரடித் தலைமையில் இருந்த சுமார் 210 பேரும் லகோட்டா, செயென் வீரர்களிடம் மொத்தமாக அழிந்த இடம். பிழைத்து வந்து சொல்ல வெள்ளைக்காரர் யாரும் இல்லாததால், கடைசித் தோட்டா வரை நின்று போராடினார்கள் என்ற வீரக்கதையே நூறு வருஷம் ஓடியது. சண்டையில் இருந்த பழங்குடி மக்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள். முடிவில் ஒழுங்கு குலைந்து, பயந்து சிதறினார்கள் என்று. அவர்கள் சொன்னதைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

1983-இல் காட்டுத்தீ புல்லை எரித்துத் தரையைத் திறந்தது. அடுத்த வருஷம் தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் இருவரும், தங்கள் துறை வெறுத்த ஹாபி டிடெக்டர்காரர்களைத் தன்னார்வலர்களாக அழைத்தார்கள். வரிசையாக நின்று நடந்தார்கள். சத்தம் வந்த இடத்தில் தோண்டவில்லை, கொடி நட்டார்கள். பின்னால் வந்த குழு தோண்டி, இடத்தை அளந்து, பொருளின் திசையைக் குறித்த பிறகே எடுத்தது. எல்லாம் மேல்மண்ணில் கிடந்தவை. இரும்பு அம்பு முனையையும் லாட ஆணியையும்கூட விடவில்லை.

ஒவ்வொரு துப்பாக்கியும் தோட்டாக் கூட்டின் அடியில் தனக்கென்று ஒரு தடத்தை விட்டுச்செல்லும், கைரேகை மாதிரி. போலீஸ் ஆய்வகம் பார்ப்பதுபோல் அந்தத் தடங்களை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி மேட்டில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று வரைபடம் போட்டார்கள். பழங்குடி வீரர்களிடம் அம்புகளோடு, தொடர்ந்து சுடும் ஹென்றி, வின்செஸ்டர் துப்பாக்கிகளும் ஏராளமாக இருந்தது தெரிந்தது. சிப்பாய்களின் கூடுகள் கிடந்த விதத்தில், ஒழுங்கான எதிர்ப்பு ஒரு கட்டத்துக்கு மேல் இல்லை என்று ஃபாக்ஸ் வாதிட்டார். நூறு வருஷமாக ஒதுக்கிவைத்த செவிவழிச் சாட்சியத்தின் பக்கம் மண் பேசியது. சில அங்குல ஆழத்திலிருந்து.

இரும்பையும் விடவில்லை என்று சொன்னேன். நம் பக்கம் வந்தால் அதுதான் என்னை உறுத்துகிறது. ஹாபி கருவிகளில் 'இரும்பை ஒதுக்கு' என்று ஒரு வசதி இருக்கும். ஆணி, கம்பி, குப்பை, சத்தம் வேண்டாம் என்பதற்காக. சிவகளையில் இரும்பின் காலம் குறித்த விவாதத்தையே புரட்டிப்போட்ட பொருள்கள், அந்த வசதியைப் போட்டுக்கொண்டு போகிறவரின் காதில் விழவே விழாது. கீழடியின் எழுத்துப் பொறித்த பானையோட்டுக்கு எந்தக் கருவியும் சத்தம் போடாது. புதையல் ஆசையில் ஒருவர் தங்கத்துக்காகக் குழி தோண்டினால், மண்வெட்டியில் உடைந்து தெறிப்பது அந்தப் பானையோடுதான். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது மண்ணிலிருந்து கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கண்ணும் மதிப்பின் மேல்தான், ஓட்டின் மேல் இல்லை.

சத்தம் கேட்டும் தோண்டுவதை நிறுத்திய ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1992 நவம்பர் 16. இங்கிலாந்தின் சஃபோக்கில் ஹாக்ஸ்னி என்ற கிராமம். விவசாயி ஒருவரின் சுத்தியல் வயலில் தொலைந்துவிட்டது. தேடித்தரப் போனவர் எரிக் லாஸ், பணி ஓய்வின்போது பரிசாகக் கிடைத்த டிடெக்டரோடு. சுத்தியலுக்குப் பதில் வெள்ளிக் கரண்டிகளும் தங்க நாணயங்களும் வந்தன. கொஞ்சம் எடுத்தார், பிறகு மண்ணை அப்படியே விட்டுவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து தோண்டினார்கள். 14,865 நாணயங்கள், ஏறத்தாழ 200 வெள்ளி, தங்கப் பொருள்கள். அவர் நிறுத்தியதால், மக்கிப்போன மரப்பெட்டியின் தடம், உள்ளே இருந்த சிறு பெட்டிகள், கிண்ணங்களுக்கு நடுவே அடைத்திருந்த வைக்கோல் எல்லாம் பதிவாயின. கிபி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரிட்டனில் ரோம ஆட்சி சரிந்துகொண்டிருந்தபோது, ஒரு குடும்பம் எதை எதன் மேல் அடுக்கி ஒளித்துவைத்தது என்பதுவரை தெரிகிறது.

அந்தப் பெட்டியில் மிளகு தூவும் வெள்ளிச் சிமிழ்கள் நான்கு இருந்தன. ஒன்று, நகை அணிந்த ஒரு சீமாட்டியின் மார்பளவு உருவம். அடியில் ஒரு தட்டைத் திருப்பினால் மிளகு கொட்டும். யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாடல் சொல்கிறதே, அந்த மிளகுக் கரையிலிருந்து போன சரக்குக்காகச் செய்த சிமிழ். இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சுத்தியலும் பிறகு கிடைத்தது. அதையும் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.